தோட்டத்தில் ஃபயர் பிட்: பற்றவைக்கும் முன்னும் அணைத்த பின்னும் நடக்கிற தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் முதல் தடவை நெருப்புக்குழி போட்டபோது ஆற்றிலிருந்து பொறுக்கி வந்த உருண்டைக் கற்களைத்தான் வட்டமாக அடுக்கினேன். பார்க்க அவ்வளவு அழகு. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, ஒரு கல் அணுகுண்டுப் பட்டாசு மாதிரி வெடித்து, அதன் சில்லு சித்தப்பா உட்கார்ந்திருந்த நாற்காலிக் கையில் வந்து அடித்தது. ஓர் அடி தள்ளிப் போயிருந்தால் முகம். ஆற்றுக் கல்லின் நுண்துளைகளிலும் விரிசல்களிலும் தண்ணீர் ஊறிக் கிடக்கும். அது நீராவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு இடம் கேட்கும், வெளியேற வழி இல்லையென்றால் கல்லைப் பிளந்துகொண்டுதான் வரும். இதெல்லாம் அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று குழிகள் கட்டி இடித்துவிட்டேன், ஹோம்ஸ்டே வைத்திருக்கும் நண்பர்களுக்கும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நான் பார்த்தவரை நெருப்பு கொழுந்துவிட்டு எரியும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள், குழந்தையைப் பிடித்துக்கொள்கிறார்கள், தள்ளி உட்காருகிறார்கள். கோட்டை விடுவது பற்றவைப்பதற்கு முன்பும், தூங்கப் போகும் நேரத்திலும்.

எதில் எரிப்பது என்பதிலிருந்து தொடங்கலாம். கட்டுவதாக இருந்தால் உள்வட்டத்துக்கு ஃபயர் பிரிக், பூசுவதற்கு ஃபயர் கிளே. சாதாரணச் செங்கல் கொஞ்ச நாள் தாங்கும், பிறகு பொரியும். ஹாலோ பிளாக், கான்கிரீட் இரண்டும் வேண்டாம், சூட்டில் சில்லு சில்லாகத் தெறிக்கும். தரையைத் தோண்டிக் குழி போடுபவர்கள் அடியில் மூன்று நான்கு அங்குலம் ஜல்லி போடாவிட்டால் வடகிழக்குப் பருவமழையில் அது சின்னக் குளமாகிவிடும், ஊறிய குழியில் நெருப்பு வைத்தால் மறுபடியும் அதே நீராவிக் கதை.

இரும்பில் பழைய சாமான்களை வைத்துச் செய்வது நம்மூரில் அதிகம். லாரி ரிம் நல்ல தேர்வு, கனமானது, ஆனால் மேலே இருக்கும் பெயின்ட் முழுக்க எரிந்து போகும்வரை முதல் நெருப்பின் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. பழைய வாஷிங் மெஷினின் எவர்சில்வர் டிரம்மும் அருமையாக எரியும், சுற்றிலும் ஓட்டை இருப்பதால் காற்று தானாக வரும், பிளாஸ்டிக் பாகங்களை மட்டும் கழற்றிவிடுங்கள். தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எண்ணெயோ கெமிக்கலோ இருந்த பீப்பாய். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி நிற்கும், வெட்டும்போதே வெடித்து ஆள் போன கதைகள் உண்டு. இன்னொன்று ஜி.ஐ. வாளி, ஜி.ஐ. தொட்டி. மேலே இருக்கும் துத்தநாகப் பூச்சு கடும் சூட்டில் புகையாகக் கிளம்பும், சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரத்தில் காய்ச்சல், நடுக்கம், நெஞ்சு இறுக்கம் என்று வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு அவஸ்தை வரும்.

கடையில் வாங்குவதாக இருந்தால் தகடு 3 மில்லிமீட்டர் கனமாவது இருக்கட்டும். ஆன்லைனில் மலிவாக வரும் மெல்லிய கிண்ணங்கள் இரண்டு சீசனில் கோணிக்கொள்ளும், மூன்று குச்சிக் கால்களும் ஆட ஆரம்பிக்கும், எரிகிற நெருப்போடு அது சாய்வதை நினைத்துப் பாருங்கள். அளவிலும் எல்லோரும் தப்புச் செய்கிறோம். ஐந்தாறு பேருக்கு உள்விட்டம் இரண்டரை அடி, மிஞ்சிப்போனால் மூன்றடி போதும். பெரிய குழி என்றால் பெரிய நெருப்பு, சூடு தாங்காமல் எல்லோரும் பின்னால் நகர்வார்கள், முகம் வேகும், முதுகு விறைக்கும். 'புகையே வராது' என்று விற்கும் இரட்டைச் சுவர் மாடல் பொய்யில்லை. சுவருக்கு நடுவே சூடாகி மேல் ஓட்டைகள் வழியே வரும் காற்று புகையையும் எரித்துவிடும். ஆனால் விறகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், மேல் ஓட்டைகளுக்குக் கீழேதான் விறகு நிற்க வேண்டும். ஈர விறகைத் தலைக்கு மேல் குவித்துவிட்டுக் கம்பெனியைத் திட்டிப் பிரயோசனமில்லை.

மேஜை மேல் வைக்கும் ஸ்பிரிட் ஊற்றி எரிக்கிற குட்டி ஃபயர் பிட் ஒன்று இப்போது பரிசுப் பொருளாகவே சுற்றுகிறது. தயவுசெய்து வேண்டாம். எரிசாராயத்தின் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது, அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றுவார்கள், நெருப்பு பாட்டிலுக்குள் ஏறி எதிரே இருப்பவர் மேல் பீறிட்டு அடிக்கும். அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் இந்த மாதிரி திரவ எரிபொருள் குழிகளை உடனே நிறுத்துங்கள் என்றே எச்சரித்தது, இறந்தவர்களும் உண்டு.

அடுத்தது இடம். அமெரிக்காவில் பல ஊர்கள் பின்பற்றும் தீ விதித்தொகுப்பு, திறந்தவெளியில் தரையில் மூட்டும் நெருப்பு கட்டடத்திலிருந்து 25 அடி தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. நம் வீட்டு மனைகளில் 25 அடிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள், சரி, நான் வைத்திருக்கும் கணக்கு சுற்றிலும் குறைந்தது 10 அடி, அதுவும் சின்ன நெருப்புக்கு. அதற்கும் இடமில்லாத தோட்டத்தில் ஃபயர் பிட் வேண்டாம், கம்பளி போதும். சுற்றி அளந்ததும் மேலே பாருங்கள்: கிளை, மின்கம்பி, கீற்றுக் கொட்டகை, நர்சரிக்குக் கட்டிய பச்சை வலை. பிறகு கீழே பாருங்கள்: செப்டிக் டேங்க் மூடி மேல், தரை சமமாக இருக்கிறதே என்று, ஒருவர் வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். உள்ளே மீத்தேன் இருக்கிறது சார், வேறு இடமே கிடைக்கவில்லையா?

மலையில் இருப்பவர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். ராத்திரியில் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும், அதனால் புகையும் பொறியும் பெரும்பாலும் பள்ளத்து வீட்டுக்காரருக்குத்தான் போகும், குழி வைக்கும் முன் அவர் வீட்டு ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்வது சண்டையைத் தவிர்க்கும். இரண்டாவது இன்னும் முக்கியம். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில்தான் குளிர்காய ஆசை வரும், அதே பனிதான் புல்லையெல்லாம் கருக்கிக் காயவைக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் காட்டுத் தீ சீசன். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) சருகில் எண்ணெய் வேறு இருக்கிறது, ஒரு பொறி போதும். குழியைச் சுற்றி ஆறடிக்கு மண் தெரியக் கூட்டிவிட்டு, இரண்டு வாளி தண்ணீரோ ஹோஸ் பைப்போ கையெட்டும் தூரத்தில் இருந்தால்தான் நான் தீக்குச்சியைத் தொடுவேன். காற்று அடிக்கிற ராத்திரி என்றால் அதுவும் இல்லை.

விறகுக்கு வருவோம். புதிதாக வெட்டிய கட்டையில் பாதிக்குப் பாதி தண்ணீர்தான், 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் ஒழுங்காக எரியும், அதற்குப் பிளந்து அடுக்கி ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் காய வேண்டும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள், 'டங்'கென்று ஒலித்தால் காய்ந்தது, 'தொப்'பென்றால் இல்லை. எங்கள் பக்கம் சீகை, சமவெளியில் சவுக்கும் வேலிக்கருவையும் நல்ல விறகு. மூங்கிலைப் பிளக்காமல் போட்டால் கணுவுக்குக் கணு வெடிக்கும். அரளியைச் சுள்ளியாகக்கூடப் போடாதீர்கள், புகையே விஷம். பழைய ஜன்னல் சட்டம், பிளைவுட், பெயின்ட் அடித்த பலகை எதுவும் வேண்டாம். சரக்கு வரும் பலகைப் பெட்டியில் எம்.பி. (MB) என்று முத்திரை இருந்தால் பூச்சி மருந்துப் புகை போட்டது, தொடாதீர்கள். எச்.டி. (HT) என்றால் வெறும் சூடு காட்டியது, எரிக்கலாம்.

பெட்ரோல் பற்றி ஒரே வரி: அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு பரவி நிற்கும், நீங்கள் தீக்குச்சி உரசும்போது குழி மட்டும் பற்றாது, உங்கள் காலடியும் பற்றும். பன்னாடை, காய்ந்த சுள்ளி, இரண்டு வில்லை கற்பூரம் இருந்தால் இந்த வீரமெல்லாம் தேவையே இல்லை. பற்றவைப்பவர் நைலான் ஜாக்கெட்டையும் தொங்கும் துப்பட்டாவையும் கழற்றிவிட்டு வரட்டும்.

இனி, நான் அதிகம் பயப்படும் இடம். பத்தரை மணிக்கு எல்லோருக்கும் தூக்கம் வரும், குழியில் தகதகவென்று தணல் இருக்கும், 'வீணாகப் போகிறதே' என்று யாராவது ஒரு சட்டியில் அள்ளி அறைக்குள் வைப்பார்கள். மலைவாசிகளுக்கு இது பழைய பழக்கம், கும்மட்டி அடுப்பில் குளிர்காய்ந்து வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆனால் அந்தக் காலத்து ஓட்டு வீட்டில் நூறு சந்து இருந்தது, இன்றைய அறைக்குக் கண்ணாடி ஜன்னலும் இறுக்கமான கதவும். புகை வராத தணல்தான் ஆபத்து, அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம் என்று வருவதற்குள் தூங்கியிருப்போம். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த இரண்டு இளைஞர்கள், கோழி சுட்ட கரி அடுப்பு அறைக்குள் இருந்ததால் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். மழைக்காக நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டிய வராந்தாவும் அறை கணக்குதான். அணைந்த மாதிரித் தெரியும் அடுப்பும் எரிகிற அடுப்பு கணக்குதான்.

அதனால் தணல் வெளியிலேயே சாக வேண்டும். பலர் மண்ணை அள்ளிப் போட்டு மூடிவிட்டுப் போகிறார்கள், இது அணைப்பது இல்லை, போர்த்திவிடுவது. நீறு பூத்த நெருப்பு என்று சும்மாவா சொன்னார்கள், சாம்பலுக்கடியில் கங்கு ஒரு நாள் தாண்டியும் உயிரோடு கிடக்கும். தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்திவிடுங்கள். பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து, தள்ளி நின்று குச்சியால் கிளறி, மறுபடி தெளித்து, சீறும் சத்தம் நின்றதும் புறங்கையைச் சாம்பலுக்கு மேலே காட்டுங்கள், சூடு தெரிந்தால் இன்னும் வேலை பாக்கி. வார்ப்பிரும்பு, மண் கிண்ணம் என்றால் தண்ணீரைக் குபுக்கென்று ஊற்றக் கூடாது, விரிசல் விடும், இவற்றுக்குக் கம்பி வலையோ மூடியோ போட்டுத் தானாக ஆறவிட்டு, ஆறும்வரை ஒருவர் விழித்திருக்க வேண்டும்.

ஒரு வருஷம் பொங்கல் லீவில் வந்திருந்த உறவுக்காரப் பையன் காலை எட்டு மணிக்கு, வெள்ளைவெளேர் என்று பூத்திருந்த எங்கள் குழிக்குள் வெறுங்காலோடு இறங்கிவிட்டான். மண் போட்டு மூடியது நான்தான். வீட்டில் ஒருவர் பேஸ்ட் எடுத்து வர ஓடினார், இன்னொருவர் மஞ்சள். இரண்டும் தப்பு. 20 நிமிஷம் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் காலைக் காட்டி, ஐஸ் எதுவும் வைக்காமல், சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நாய் வளர்ப்பவர்களும் கவனிக்கவும், வெதுவெதுப்பான சாம்பலைக் கண்டால் அது சுருண்டு படுத்துவிடும்.

சாம்பலைப் பிளாஸ்டிக் குப்பைத் தொட்டியில் கொட்டாமல், மூடி போட்ட தகர டின்னில் வெளியே இரண்டு நாள் வையுங்கள். சுத்தமான விறகுச் சாம்பல் என்றால் ரோஜாவுக்குக் கொஞ்சம் தூவலாம். தேயிலைக்கு வேண்டாம், அதற்குப் புளித்த மண்தான், அதாவது அமில மண்தான் பிடிக்கும், சாம்பல் அதற்கு நேர் எதிரான காரம். ஹைட்ராஞ்சியா வைத்திருப்பவர்களும் யோசித்துக்கொள்ளுங்கள், எங்கள் வாசலில் நீலமாகப் பூத்த செடி நான் அள்ளிப் போட்ட சாம்பலில் இப்போது ரோஸ் நிறமாகப் பூக்கிறது.