கோடோவையும் விஎஸ் கோடையும் ஒழுங்காக இணைப்பது எப்படி

கேம் செய்யும் மென்பொருளான கோடோவுக்குள்ளேயே ஸ்கிரிப்ட் எடிட்டர் இருக்கிறது, அது மோசமும் இல்லை. ஆனால் மற்ற எல்லாக் கோடையும் விஎஸ் கோட் என்ற எடிட்டரில் எழுதிப் பழகிய கைக்கு கோடோவின் மொழியான ஜிடிஸ்கிரிப்ட்டை மட்டும் வேறு இடத்தில் எழுதுவது எரிச்சல்தான். அதற்குத்தான் கோடோ டூல்ஸ் என்ற எக்ஸ்டென்ஷன்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை அதோடு தீரும். இந்த எக்ஸ்டென்ஷனுக்குச் சொந்த மூளை கிடையாது. எந்த ஃபங்ஷன் எங்கே இருக்கிறது, எந்த வரியில் பிழை என்று சொல்வதெல்லாம் கோடோவுக்குள் ஓடும் லாங்குவேஜ் சர்வர். எக்ஸ்டென்ஷன் அதனோடு கதைத்து பதிலை உங்களுக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே கோடோ மூடியிருந்தால் எழுத்துக்கு நிறம் வரும், பரிந்துரையும் பிழைக் குறிப்பும் வராது.

நிறுவுவது லேசு. விஎஸ் கோடில் எக்ஸ்டென்ஷன் பகுதிக்குப் போய்த் தேடி இன்ஸ்டால் கொடுங்கள். திருகோணமலையில் நாலைந்து பேர் ஒரே ஃபோன் ஹொட்ஸ்பொட்டில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறீர்கள் என்றால், ஒருவர் மட்டும் கிட்ஹப்பில் அதன் ரிலீஸ் பக்கத்திலிருந்து விஎஸ்ஐஎக்ஸ் ஃபைலை, அதாவது எக்ஸ்டென்ஷன் முழுவதும் அடங்கிய ஒற்றை ஃபைலை இறக்கி பென் டிரைவில் கொடுத்துவிடலாம். மற்றவர்கள் அதே எக்ஸ்டென்ஷன் பகுதியின் மூன்று புள்ளி மெனுவில் விஎஸ்ஐஎக்ஸிலிருந்து இன்ஸ்டால் செய்யும் வழியைத் தேர்ந்தால் போதும், டேட்டா மிச்சம். கோடோவையும் அப்படியே கொப்பி பண்ணலாம், அதற்கு இன்ஸ்டாலேஷனே இல்லை, ஸிப்பைப் பிரித்து ஓடவிட வேண்டியதுதான்.

அப்புறம் எக்ஸ்டென்ஷன் செட்டிங்ஸில் எடிட்டர் பாத் என்று தேடுங்கள். கோடோ 3க்கு ஒன்று, 4க்கு ஒன்று என இரண்டு பெட்டி இருக்கும். உங்கள் பதிப்புக்கு உரியதில் கோடோவை ஓடவிடும் ஃபைலின் முழு முகவரியைக் கொடுங்கள்.

இனி கோடோ பக்கம். எடிட்டர் செட்டிங்ஸில் டெக்ஸ்ட் எடிட்டர், அதற்குள் எக்ஸ்டெர்னல். வெளி எடிட்டரைப் பாவிக்கும் பெட்டியில் டிக் போட்டு, எக்ஸெக் பாத்தில் விஎஸ் கோடைக் காட்டுங்கள். எக்ஸெக் ஃப்ளாக்ஸ்தான் ஆட்களைக் குழப்பும் இடம்: கர்லி பிராக்கெட்டுக்குள் ப்ராஜெக்ட், ஒரு இடைவெளி, இரண்டு ஹைபனோடு ஒட்டி கோட்டூ, மறுபடி இடைவெளி, பிறகு ஃபைல், லைன், கொல் மூன்றும் தனித்தனி கர்லி பிராக்கெட்டுக்குள், அவற்றின் நடுவில் இடைவெளி இல்லாமல் முக்காற்புள்ளி. எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. கொல் என்பது கொலம் என்ற சொல்லின் முதல் மூன்று எழுத்து மட்டும். இது சரியாக இருந்தால் கோடோவில் ஸ்கிரிப்ட்டை டபுள் கிளிக் செய்ததும் விஎஸ் கோடில் திறக்கும். அதே டெக்ஸ்ட் எடிட்டர் பகுதியில் பிஹேவியர், ஃபைல்ஸ் என்று போய், வெளியில் மாறிய ஸ்கிரிப்ட்டைத் தானாக ரீலோட் செய்யும் பெட்டியையும் டிக் பண்ணுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு சேவுக்கும் கோடோ கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்.

விஎஸ் கோடில் தனி ஸ்கிரிப்ட் ஃபைலைத் திறக்க வேண்டாம். ப்ராஜெக்ட் டொட் கோடோ என்ற ஃபைல் இருக்கும் ஃபோல்டரையே திறக்க வேண்டும். கீழே ஸ்டேட்டஸ் பாரில் இணைப்புக் கிடைத்ததாகக் காட்டினால் வேலை முடிந்தது.

ஒரு உதாரணம் பார்ப்போம். பிரெட்ரிக் கோட்டைக்குள் திரியும் மான், கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களின் பையிலிருந்து வாழைப்பழத்தைப் பறிக்கும் கேம் என்று வையுங்கள். மானின் ஸ்கிரிப்ட்டில் பழத்துக்கு ஒரு வேரியபிள் வைத்து, அதன் வகையைச் சொல்லாமல் விட்டால் புள்ளி வைத்ததும் உருப்படியான பரிந்துரை வராது, ஏனென்றால் அது என்ன நோட், அதாவது கேமின் எந்த வகை உறுப்பு என்று சர்வருக்குத் தெரியாது. பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி போட்டு ஏரியா2டி என்று வகையைக் கொடுத்துப் பாருங்கள், அதன் சிக்னலும் ஃபங்ஷனும் வரிசையாக வந்து நிற்கும். எக்ஸ்டென்ஷன் வேலை செய்யவில்லை என்ற புலம்பலில் நிறைய இந்த வகைதான். இன்னொன்று, கோடோ 4இல் வேரியபிளுக்கு வேகம், பசி என்று தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஓடும். கூட்டாக வேலை செய்யும்போது எல்லோரிடமும் தமிழ்க் கீபோர்ட் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ரேம் குறைந்த லப்டொப்பா? கோடோ 4.2இலிருந்து ஹெட்லெஸ் வசதி உண்டு. எக்ஸ்டென்ஷன் செட்டிங்ஸில் அதை ஒன் செய்தால் விண்டோ இல்லாமலே சர்வரை எக்ஸ்டென்ஷன் தானே ஓடவிடும். சீன் அடுக்கும் நாளில் எப்படியும் கோடோவைத் திறக்கத்தான் வேண்டும், கோட் மட்டும் எழுதும் நாளுக்கு இது அருமை.

இணைப்பே வராவிட்டால் போர்ட்டை, அதாவது கோடோவும் எக்ஸ்டென்ஷனும் கதைக்கும் வாசலின் எண்ணைப் பாருங்கள். கோடோ 4க்கு வழமையாக 6005, 3க்கு 6008. கோடோவில் நெட்வொர்க், லாங்குவேஜ் சர்வர் பகுதியில் உள்ள எண்ணும் எக்ஸ்டென்ஷனில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டு ப்ராஜெக்டை ஒரே நேரத்தில் திறந்திருந்தால் முதலில் திறந்ததுதான் போர்ட்டைப் பிடித்திருக்கும். அப்போது மான் கேமில், கூடத் திறந்திருக்கும் ஒரு படகு கேமின் கிளாஸ்கள் எட்டிப் பார்த்தாலும் பயப்பட ஒன்றுமில்லை: இரண்டையும் மூடி, வேண்டியதை மட்டும் திறந்து, விஎஸ் கோடில் மறுபடி இணையச் சொல்லுங்கள்.