பழைய அமெரிக்கக் கார் மாடல்கள்: கட்டும்போதும் புதுப்பிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிச்சிகனில் எங்கள் மாடல் குழுவின் மேசைக்கு ஆண்டுதோறும் புதியவர்கள் சிலர் வருகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் பெட்டிகளைத் திறந்தால், நான் தொடக்கத்தில் செய்த அதே தவறுகள் அதே வரிசையில் வெளிவருகின்றன. கத்தியைக் கவனமாகப் பிடிக்க வேண்டும், செய்முறைத் தாளைப் படிக்க வேண்டும், ஜன்னலைத் திறந்து வைத்துப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் எவரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன். கடையில் இன்றும் கிடைக்கும் கிட்டில், அதாவது பாகங்களாக வரும் பிளாஸ்டிக் மாடல் பெட்டியில், நேரும் தவறுக்கு இன்னொரு கிட் வாங்கினால் போதும். அறுபது ஆண்டுப் பழைய பாடியில், அதாவது மாடல் காரின் வெளிக்கூட்டில், நேரும் தவறு அப்படிப்பட்டதல்ல என்பதால், அதைத்தான் முதலில் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய பெயின்ட்டை உரிப்பதில் காட்டும் அவசரம்

அமெரிக்க மாடல் நிறுவனமான ஏஎம்டி 1958-இல் ‘த்ரீ-இன்-ஒன்’ கிட்டுகளை வெளியிடத் தொடங்கியது. ஒரே பெட்டியில் இருப்பவற்றைக் கொண்டு காரைத் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியோ, அலங்கரித்தோ, பந்தயக் காராகவோ கட்டலாம். கார் நிறுவனங்கள் ஆண்டுதோறும் முகப்பையும் வாலையும் மாற்றியதால், மாடல் நிறுவனங்களும் ஆண்டுதோறும் புதிய கிட் வெளியிட வேண்டியிருந்தது. புதிய அச்சு செய்வதற்குப் பெரும் செலவாகும். ஆகவே பழைய அச்சையே வெட்டியும் நிரப்பியும் அடுத்த ஆண்டுக் காராக மாற்றினார்கள். அப்படி மாற்றப்பட்ட பிறகு முந்தைய ஆண்டின் பாடியை அந்த அச்சிலிருந்து மறுபடி வார்க்க இயலாது. ‘ஆன்யுவல்’ என்று நாங்கள் சொல்லும் அந்த ஆண்டுக் கிட்டுகளுக்கு இன்று இருக்கும் மதிப்புக்கு இதுவே காரணம். எவரோ ஒரு சிறுவன் 1960களில் தடித்த தூரிகையால் பெயின்ட் பூசி, பசையை வழியவிட்டுக் கட்டிய பாடியாக இருந்தாலும், அதன் உலோக அச்சு இன்று அந்த வடிவில் இல்லையென்றால், மேசையில் இருக்கும் பிளாஸ்டிக்கே எஞ்சியிருக்கும் மூலம்.

எங்கள் குழுவிலுள்ள தம்பி ஒருவர், 1960களின் தொடக்கத்தைச் சேர்ந்த போன்டியாக் ஆன்யுவல் ஒன்றைப் பழைய மாடல் சந்தையில் நூறு டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கினார். பாடி முழுவதும் தூரிகைத் தடம் தெரியும் பச்சை எனாமல் பெயின்ட். ஆனால் முன் பம்பரிலும் கிரில்லிலும் குரோம் அப்படியே மின்னியது. உண்மையில் அவர் கொடுத்த விலையில் பாதி அந்தக் குரோமுக்கானது. பம்பர் பசையோடு ஒட்டியிருந்ததால் கழற்றச் சோம்பல்பட்டு, காஸ்டிக் சோடா கலந்த எண்ணெய்ப் பிசுக்கு நீக்கியை ஒரு தொட்டியில் ஊற்றி, காரை முழுவதுமாக அதில் இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். கிட் குரோம் என்பது உண்மையான குரோமியம் அல்ல. வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்த மிக மெல்லிய அலுமினியம். அலுமினியத்தைக் காரம் தின்றுவிடும், அதற்குச் சில நிமிடங்களே போதும். காலையில் பம்பர் மஞ்சள் கலந்த வெறும் பிளாஸ்டிக்காக இருந்தது.

அத்தோடு நின்றிருந்தாலும் காரைக் காப்பாற்றியிருக்கலாம். எனாமல் உரிந்தாலும், அதற்கடியில் இருந்த லாக்கர் என்ற வேறுவகைப் பெயின்ட் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. “அண்ணா, ஏர்பிரஷ்ஷை லாக்கர் தின்னரில்தானே கழுவுகிறோம், பாடியையும் துடைத்தால் என்ன?” என்று அவர் என்னைக் கேட்டது, துடைத்து முடித்த பிறகு. லாக்கர் தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரிலுள்ள அசிட்டோனும் கிட்டுகளின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைப்பவை. கிட்டுக்கான பசைகளே அந்த வகைக் கரைப்பான்களால் செய்யப்படுகின்றன. பின் ஃபெண்டரில் (சக்கரத்துக்கு மேலுள்ள பகுதியில்) புடைப்பாக இருந்த பெயர் எழுத்துகள் வழிந்து மேடாகிவிட்டன, கதவுக் கோடு மறைந்தது, கூரையின் மீது விரல் ரேகை பதிந்தது. வேறு எந்தத் தவறைப் பார்த்தாலும் சிரித்துவிட்டுக் கடந்துவிடும் எனக்கு, ஒரே இரவில் பெயின்ட்டை உரித்துக் காட்டும் வீடியோக்களைக் கண்டால் இன்றும் எரிச்சல் வருகிறது. அவற்றில் ஊறுவது பெரும்பாலும் இன்றும் கடையில் கிடைக்கும் மலிவான பாடி என்பதை எவரும் சொல்வதில்லை.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் பிளாஸ்டிக் எது என்று பாருங்கள். கார் விற்பனையகங்களில் விளம்பரத்துக்காகக் கொடுத்த புரோமோ மாடல்கள், குறிப்பாக 1950களைச் சேர்ந்தவை, செல்லுலோஸ் அசிடேட்டால் ஆனவை. பாடி வளைந்து முறுக்கிக்கொண்டிருப்பதைக் கொண்டே பெரும்பாலும் அவற்றை அடையாளம் காணலாம். அவற்றைக் காரத்திலும் ஆல்கஹாலிலும் இறக்கவே கூடாது. மேலும் பல புரோமோக்களின் நிறம், கார் நிறுவனம் அந்த ஆண்டு விற்ற நிறத்துக்குப் பொருத்தமாகத் தொழிற்சாலையிலேயே வந்தது. அதை உரித்துப் புதுப் பெயின்ட் அடிப்பவர், எதற்காக அந்தப் பொருளைச் சேகரிக்கிறார்களோ அதையே அழிக்கிறார். மென்மையான சோப்பு நீரும் பாலிஷும் போதும்.

பாலிஸ்டைரீன் என்று உறுதியானால், உரிப்பதற்கு முன் பிரிக்க வேண்டும். மாடலை ஒரு பையில் போட்டுச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். பழைய ட்யூப் பசை குளிரில் நொறுங்கும் தன்மை அடைவதால், இணைப்பை மெதுவாக அசைத்தால் ‘டக்’கென்று விடும். பிளாஸ்டிக்கும் அப்போது நொறுங்கக்கூடியதாகத்தான் இருக்கும், ஆகவே முன் கண்ணாடியின் இரு பக்கத் தூண்களில் விரல் பட வேண்டாம். முதலில் ஒடிவது அவைதான். பம்பர், கிரில், சக்கர மூடி என்று குரோம் உள்ள எல்லாவற்றையும், கண்ணாடியையும் தனியே எடுத்து வைத்த பின், பாடியின் உட்புறத்தில் வெளியே தெரியாத ஓரிடத்தில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு வைத்துப் பாருங்கள். மருந்துக் கடையில் 70 சதவீதமும் 91 சதவீதமும் கிடைக்கும். இந்த வேலைக்கு 91 தேவை. பிளாஸ்டிக் மென்மையாகவில்லை, நிறம் மாறவில்லை என்றால் மூடிய டப்பாவில் ஊறவைத்து, சில மணிக்கு ஒருமுறை எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கலாம். அதற்கு மசியாத பெயின்ட்டுக்குத்தான் காரம் உள்ள நீக்கி, அதுவும் கையுறையோடு. பிரேக் ஆயில் சிலருக்குப் பிடித்த வழி. நீண்ட நேரம் ஊறினால் பழைய பிளாஸ்டிக் உடையும் தன்மை பெற்றுவிடக்கூடும் என்பதால் நான் அதைக் கடைசியில் வைக்கிறேன். குரோம் தேய்ந்துபோய் மறுபடி ஏற்ற வேண்டிய பாகங்களை மட்டும் தனிக் கிண்ணத்தில் வீட்டு பிளீச்சில் போடலாம். அந்தக் கிண்ணத்தில் ஆல்கஹாலோ வேறு நீக்கிகளோ ஒரு துளியும் கலக்கக் கூடாது, நச்சுப் பொருள்கள் உருவாகும்.

நாள் கணக்கில் ஆகும், ஆகட்டும். பள்ளங்களில் கொஞ்சம் பழைய பெயின்ட் எஞ்சினால், மரப் பல்குச்சியின் முனையால் சுரண்டிவிட்டு மேலே பிரைமர் என்ற அடிப்பூச்சை அடியுங்கள். முழுமையான தூய்மையைத் தேடிப் போனதால்தான் அந்த போன்டியாக்கின் எழுத்துகள் போயின.

அச்சுக் கோடுகள்

கார் பாடியின் அச்சு பல துண்டுகளால் ஆனது. அவை சேருமிடம் ஃபெண்டரின் மேலும் பின் தூணிலும் மயிரிழை போன்ற கோடாகப் பதியும். வெறும் பிளாஸ்டிக்கில் அது கண்ணுக்குத் தெரியாது, பளபளப்பான கறுப்புப் பெயின்ட் காய்ந்த மறுநாள் தெரியும். 400, பிறகு 600 எண் உப்புத் தாளில் நீர் தொட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். அந்தக் கோட்டைக் காருக்கே உரிய வளைவு விளிம்பு என்று நினைத்து விட்டுவிடுபவர்களும், காருக்கே உரிய விளிம்பைக் கோடு என்று நினைத்துத் தேய்த்துவிடுபவர்களும் சம எண்ணிக்கையில் இருக்கிறார்கள். உண்மைக் காரின் படம் ஒன்றை அருகில் வைத்துக்கொண்டால் இரண்டும் நேராது.

எழுத்துகளை மூழ்கடிக்கும் பெயின்ட்

உண்மைக் காரின் பெயின்ட் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். இந்த கிட்டுகள் பெரும்பாலும் உண்மைக் காரின் 25-இல் ஒரு பங்கு அளவில் இருப்பதால், அதை 25-ஆல் வகுத்தால் வருவது 0.004 மில்லிமீட்டர், அவ்வளவு மெல்லியதாக எவராலும் அடிக்க முடியாது, ஆனால் எந்தத் திசையில் முயல வேண்டும் என்பதை அது காட்டுகிறது. 1957 பெல் ஏர் போன்ற காரின் அழகே பக்கவாட்டுக் குரோம் பட்டைகளிலும் எழுத்துகளிலும் இருக்கும்போது, ஒரே கனத்த பூச்சில் பளபளப்பு வேண்டும் என்று கேனை அழுத்துபவர் முதலில் இழப்பது அவற்றைத்தான்.

எழுத்துகளுக்கு ஒரு வழி உண்டு. பிரைமர் காய்ந்ததும், நிறம் அடிப்பதற்கு முன், எழுத்தின் மீது பேர்-மெட்டல் ஃபாயில் என்ற, பின்புறம் பசையுள்ள மெல்லிய உலோகத் தாளை ஒட்டிப் பல்குச்சியால் ஒவ்வொரு வளைவிலும் அழுத்தி, ஓரத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். அதன் மேல் மெல்லிய பூச்சுகளாக நிறம் அடித்து, நன்றாகக் காய்ந்த பின், அந்தப் பெயின்ட்டுக்கு உரிய தின்னர் சற்றே தொட்ட துணியை விரலில் இறுகச் சுற்றி எழுத்தின் மேடுகளில் மட்டும் உரசினால், பெயின்ட் விலகி உள்ளிருக்கும் உலோகம் எழுத்தாக வெளிவரும். கடைசியில் தூரிகையால் வெள்ளி நிறம் தீட்டுவதை விட இது நூறு மடங்கு கூர்மையாக இருக்கும். ஃபாயிலை வெட்டப் புதிய பிளேடு வேண்டும். மழுங்கிய பிளேடு வெட்டாது, கிழிக்கும். பல ஆண்டுகளாக அலமாரியில் கிடந்த ஃபாயில் தாளின் பசை போயிருக்கும், அதை நம்ப வேண்டாம்.

சிவப்புப் பிளாஸ்டிக்கின் மீது வெள்ளை அடிக்கப் போகிறீர்கள் என்றால், இடையில் ஒரு வெள்ளி நிறப் பூச்சு அவசியம். இல்லையென்றால் சிவப்புச் சாயம் மேலேறி, சில வாரங்களில் வெள்ளைக் கார் இளஞ்சிவப்பாகிவிடும்.

எனாமலின் மேல் லாக்கர்

அடியிலுள்ள எனாமல் சுருங்கும். லாக்கரின் மேல் எனாமல் அடிக்கலாம்.

கண்ணாடிக்குச் சூப்பர் குளூ

வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் வெண்புகையாகப் படியும்.

எல்லா எஞ்சினும் ஆரஞ்சு அல்ல

செவ்ரலேயின் வி8 ஆரஞ்சு நிறம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் ஃபோர்டின் எஞ்சினுக்கும் அதே குப்பி திறக்கப்படுகிறது. 1966 மாடல் ஆண்டிலிருந்து ஃபோர்ட் எஞ்சின்கள் நீலம். போன்டியாக்கினுடையது வெளிர்நீலம். கிரைஸ்லரின் 426 ஸ்ட்ரீட் ஹெமிக்கும் ஓர் ஆரஞ்சு உண்டு, ஆனால் அது செவ்ரலேயின் ஆரஞ்சு அல்ல. எஞ்சின் மூடியைத் திறந்து காட்ட விரும்புபவர், எந்த ஆண்டு, எந்த எஞ்சின் என்பதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் தூரிகையை எடுக்க வேண்டும். மூடியை ஒட்டிவிடப் போகிறவருக்குக் கவலையில்லை.

1/24-ஐயும் 1/25-ஐயும் கலப்பது

ஏஎம்டி, எம்பிசி, ஜோ-ஹான் கிட்டுகள் பெரும்பாலும் 1/25. மோனோகிராம் கிட்டுகளில் பல 1/24. நான்கு சதவீத வேறுபாடுதானே என்று சக்கரத்தை மாற்றிக்கொள்வதில் குற்றமில்லை, உண்மைக் கார்களிலும் சக்கர அளவு மாறும். பாடியையும் அடிச்சட்டத்தையும் கலக்கும்போதுதான் சிக்கல். 1959 கேடிலாக்கின் நீளம் 225 அங்குலம். 1/25-இல் ஏறத்தாழ 229 மில்லிமீட்டர், 1/24-இல் 238. ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரை எந்த உப்புத் தாளாலும் சரிக்கட்ட முடியாது.

டயர்களைப் பெட்டியிலேயே விட்டுவைப்பது

கிட்டில் வரும் மென்மையான வினைல் டயர்களில், அவற்றை வளையச் செய்வதற்காகச் சேர்த்த பொருள் ஒன்று உண்டு. அது ஆண்டுக் கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். திறக்காத பழைய பெட்டியை ஆசையோடு பிரித்தவர்கள், முன் கண்ணாடியில் டயரின் தடம் அச்சாகப் பதிந்திருப்பதைக் கண்டு திகைத்திருக்கிறார்கள். கிட் வாங்கிய அன்றே டயர்களைத் தனிப் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். கட்டிய காரில் டயருக்கும் ரிம்முக்கும் இடையே ஃபாயில் ஒரு சுற்றுச் சுற்றினால் கசிவு ரிம்மை எட்டாது. அலமாரியில் வைக்கும்போது டயரின் அடிப்பகுதி பிளாஸ்டிக் மேடையைத் தொடாமல் கண்ணாடித் தட்டில் நிற்கட்டும்.