மெஸ்கால்: முதலில் ராவாக, அப்புறம் காக்டெயில்

வண்ணாரப்பேட்டையோ ராயபுரமோ, மெக்சிகோவின் கற்றாழைச் சாராயமான மெஸ்கால் பாட்டில் பெரும்பாலும் ஃபாரினிலிருந்து வரும் சொந்தக்காரர் பெட்டியில்தான் வந்து சேரும். தலைக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். சொல்லி அனுப்பும்போதே லேபிளில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்: 100% அகவே (முழுக்கக் கற்றாழை), எஸ்படின் (கற்றாழை ரகம்), ஹோவன் (Joven, பீப்பாயில் ஊறாதது), ஆர்ட்டெசனல் (கைமுறைத் தயாரிப்பு). புழு மிதக்கும் பாட்டில் வேடிக்கைக்குத்தான். மரப்பீப்பாயில் ஊறிய மலிவு ரகமும் வேண்டாம், மரவாசனை எல்லாவற்றையும் மூடிவிடும்.

எஸ்படின் நம்மூர் ஆனைக்கற்றாழைக்குச் சொந்தம். மெக்சிகோவின் ஓஹாகா மாநிலத்தில் 6 முதல் 8 வருடம் வளர்த்து, இலையைச் சீவிவிட்டு, நடுக்கட்டையைச் சூடான கல் போட்ட குழியில் நாள்கணக்கில் மூடிச் சுடுகிறார்கள். புகைவாசனை அங்கே ஏறுவதுதான். மலிவு மெஸ்காலிலும் புகைக்குக் குறைவிருக்காது. அதற்கடியில் சுட்ட கற்றாழையின் இனிப்பு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம்ம வெயிலில் ஊற்றியதுமே ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறும். பாட்டிலை ஃப்ரிட்ஜில் 20 நிமிடம் வைத்து எடுங்கள். ஃப்ரீசர் கூடாது, வாசனை செத்துவிடும். வீட்டில் கருவாடு வறுத்த அன்றைக்கும் இந்த வேலை வேண்டாம். டீக்கடை கண்ணாடி கிளாஸே போதும். மெக்சிகோவிலும் சர்ச் மெழுகுவத்தி கிளாஸில் குடிக்கிற வழக்கம் உண்டு.

15 மில்லி ஊற்றி 10 நிமிடம் விடுங்கள். கிளாஸை முகவாய்க்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி முகருங்கள். முதல் வாய் நாக்கு பழக மட்டும். இரண்டாவதை அரை டீஸ்பூன் அளவு எடுத்து, நாக்கில் உருட்டி, மெல்ல விழுங்குங்கள். சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, எலுமிச்சைத் தோல், பச்சை மிளகாய்க் காம்பு மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் நல்ல சரக்கு. நெயில் பாலிஷ் நெடி 10 நிமிடத்துக்குப் பிறகும் போகவில்லையென்றால், வடிக்கும்போது முதலில் வரும் பகுதியைச் சரியாகக் கழிக்கவில்லை. ஈரத்தோல், வியர்வை வாடை வந்தால் கடைசிப் பகுதியை அதிகம் சேர்த்திருக்கிறார்கள்.

அடுத்து கிளாஸில் மிஞ்சியதில் அரை டீஸ்பூன் கேன் தண்ணீர். குழாய்த் தண்ணீரின் குளோரின் வாடை காரியத்தைக் கெடுக்கும். 42 சதவீத ஆல்கஹால் உள்ள மெஸ்கால் இதில் சுமார் 34-க்கு இறங்கும். இனிப்பு மேலே வந்தால் அது ராவாகவே குடிக்கத் தகுந்தது, கமலா ஆரஞ்சுச் சுளை ஒன்று போதும். சப்பென்று ஆகிவிட்டால் காக்டெயிலுக்கு ஒதுக்குங்கள்.

ஒதுக்கியதில், தண்ணீர் சேர்க்குமுன் கொஞ்சமாவது இனிப்பு தெரிந்த பாட்டிலுக்கு மார்கரிட்டா பொருந்தும்: மெஸ்கால் 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 20, பனங்கற்கண்டுப் பாகு 15. பாகுக்குக் கற்கண்டும் தண்ணீரும் சம எடை. கரைந்ததும் வடிகட்டி ஆறவையுங்கள். கருப்பட்டி போட்டால் அதன் ருசி மட்டுமே மிஞ்சும். ஐஸோடு 12 விநாடி குலுக்குங்கள். சில்லு ஐஸ் இங்கே குலுக்கும்போதே பாதி தண்ணீராகிவிடும், அதனால் முந்தின நாளே கிண்ணத்தில் பெரிய கட்டியாக உறையவைத்து, இரண்டு மூன்று துண்டாக உடைத்துப் போடுங்கள். காசிமேட்டில் மீன்பெட்டிக்குப் போகும் பார் ஐஸ் பக்கம் போகவே வேண்டாம், அது குடிக்கிற தண்ணீரில் செய்ததல்ல.

இன்னொரு காக்டெயில் பலோமா. அதற்குக் கிரேப்ஃப்ரூட் இல்லையென்றால் பம்ப்ளிமாஸ். வெள்ளைத்தோல் ஒட்டினால் கசக்கும், சுத்தமாக உரியுங்கள். மெஸ்கால் 45, பம்ப்ளிமாஸ் சாறு 60, எலுமிச்சை 10, ஒரு சிட்டிகை உப்பு, மேலே குளிர்ந்த ப்ளெயின் சோடா 90. சோடாவைக் கிளாஸ் ஓரமாக இறக்குங்கள். இனிப்பு கோலி சோடா வேண்டாம்.

வெறும் புகையும் காரமுமாக இருக்கும் பாட்டிலை முழு அளவில் எதிலும் ஊற்றாதீர்கள். நியூயார்க் டெத் அண்ட் கோ பாரில் ஃபில் வார்ட் 2007-ல் அமைத்த ஓஹாகா ஓல்ட் ஃபேஷன்ட் அதற்குத் தோது: ரெபோசாடோ (பீப்பாயில் சில மாதம் ஊறிய) டெக்கீலா 45, மெஸ்கால் 15, அகவே பாகு ஒரு டீஸ்பூன், அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் (கசப்புச் சாறு) 2 உதறல், ஐஸோடு கலக்கல். குலுக்கினால் கலங்கி நீர்த்துவிடும்.

கூட அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கி வைத்திருந்தால் ருசி பார்த்து முடித்த பிறகு பிரியுங்கள். அந்தப் பூண்டுக்கும் புளிக்கும் பின்னால் நாக்குக்கு எதுவும் தெரியாது. மிச்சத்தைச் சின்ன பாட்டிலில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, வெயில் படாத அலமாரியில் நிறுத்திவையுங்கள்.