யெல்லோநைஃப் – இக்காலுயிட்: விமான தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

வட கனடா பயணத்துக்குத் திட்டம் போட்டபோது இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டியிருந்தது. யெல்லோநைஃப், கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில். இக்காலுயிட், பாஃபின் தீவில். வெளியூரிலிருந்து அங்கே போகச் சாலையே கிடையாது. சின்னக் கணக்குதான், ஆனாலும் இரண்டு இடத்தில் சறுக்கினேன்.

படி 1: விமான நிலையக் குறியீடுகள். முதலாவது ஒய்இசட்எஃப், இரண்டாவது ஒய்எஃப்பி. (இக்காலுயிட்டில் எஃப்பி எங்கே என்று தேடாதீர்கள். 1987 வரை அந்த ஊர் ஃப்ரோபிஷர் பே. பெயர் மாறியது, குறியீடு அப்படியே நின்றுவிட்டது.)

படி 2: தூரம். யெல்லோநைஃப் வடக்கு 62.46, மேற்கு 114.44. இக்காலுயிட் வடக்கு 63.76, மேற்கு 68.56. தீர்க்கரேகை வித்தியாசம் ஏறக்குறைய 46 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்று பள்ளியில் படித்ததை நம்பிப் பெருக்கினேன்: 5,100 கி.மீ.! கிட்டத்தட்ட கனடாவின் மொத்த அகலம். அப்போதுதான் உறைத்தது. 111 என்பது நிலநடுக்கோட்டுக் கணக்கு. ஆரஞ்சுச் சுளை நுனியில் ஒடுங்குகிற மாதிரி, தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகும். 63 டிகிரியில் இடைவெளி 50 கி.மீ. சொச்சம்தான். ஆக, சுமார் 2,300. விமானம் 65 டிகிரி வரை வடக்கே வளைந்து பெருவட்டப் பாதையில் (உருண்டையான பூமியில் இரண்டு இடங்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி) போனால் இன்னும் குறையும்: 2,260.

இதற்கு நான் கிரேட் சர்க்கிள் மேப்பர் தளத்தைத்தான் பயன்படுத்துகிறேன். இரண்டு குறியீடுகளை நடுவில் சிறு கோடிட்டுத் தட்டினால் போதும். எக்செல்லில்தான் போடுவேன் என்பவர்கள் டிகிரியை ரேடியனாக (கோணத்தை அளக்கும் இன்னொரு அலகு) மாற்ற மறக்காதீர்கள்.

படி 3: நேரம். தூரத்தை வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி சேருங்கள். மணிக்கு 800 கி.மீ. போகும் போயிங் 737 ஜெட் என்றால் 3 மணி 20 நிமிடம். ஏடிஆர் 42 போன்ற சிறிய புரொப்பல்லர் விமானம் முழுச் சுமையோடு இவ்வளவு தூரம் ஒரே மூச்சில் போகாது. நடுவழியில் உள்ள ராங்கின் இன்லெட் என்ற ஊரில் இறங்கிப் போனால் தூரம் 50 கி.மீ.தான் கூடும், ஆனால் மொத்தம் ஆறு மணி நேரத்தைத் தாண்டிவிடும்.

படி 4: கடிகாரம். என் இரண்டாவது சறுக்கல். இக்காலுயிட் 2 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 9:00க்குக் கிளம்பும் அதே 737 மதியம் 2:20க்கு இறங்கும். பார்த்தால் ஐந்தேகால் மணி நேரப் பயணம் மாதிரி இருக்கும். திரும்பும்போது தலைகீழ்: எதிர்க்காற்றில் 20 நிமிடம் கூடினாலும், 3:00க்குக் கிளம்பி 4:40க்கே வந்துவிட்டதாகக் காட்டும்.

பின்சேர்க்கை: தனக்கு 6,000 கி.மீ. வருகிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட வேண்டும். அவர் யெல்லோநைஃபுக்கு மட்டும் போட்டிருந்தார். அவருடைய இக்காலுயிட் சைபீரியாவில் இருந்தது.