எடை குறைந்த பிறகும் உள்ளே திட்டும் குரலை அடக்குவது எப்படி?

பதினான்கு மாதத்தில் 38 கிலோ குறைத்தேன். எப்படிக் குறைத்தேன் என்பது இந்தப் பதிவில் இல்லை. அதன் பிறகு வந்த தலைவலிதான் விஷயம். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே போக வேண்டுமானால் இன்னும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்வேன். தாராளமாக இடம் இருக்கும். உடனே உள்ளே ஒரு குரல்: "பீப்பாய் வருது, வழி விடுங்க!"

உடம்பு மாறிய வேகத்துக்கு மூளையில் பதிந்த உடலின் படம் மாறுவதில்லை. 'ஃபேன்டம் ஃபேட்' (இல்லாத கொழுப்பு இருப்பதாகத் தோன்றுவது) என்று இதற்குப் பெயரே இருக்கிறது. சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: குரலை எழுதிப் பிடியுங்கள்

ஒரு வாரம், குரல் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுங்கள். நாகரிகமாக்க வேண்டாம். செயலி எதுவும் வேண்டாம், காகித நோட்டுதான் என் கட்சி. செயலியைத் திறக்கப் போனால் அடுத்த நிமிடம் யாரோ ஒருவருடைய ஒட்டிய வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

படி 2: தகவல் வேறு, தீர்ப்பு வேறு

"வயிற்றில் தோல் தொங்குகிறது" என்பது தகவல். "அதனால் பட்ட பாடெல்லாம் வீண்" என்பது தீர்ப்பு. தீர்ப்பை மட்டும் அடிக்கோடிடுங்கள். மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சையிலும் (எண்ணங்களைச் சோதித்து மாற்றும் பேச்சு சிகிச்சை) இப்படி எண்ணத்தைப் பிரித்துப் பார்ப்பது முக்கியமான வேலை.

படி 3: பதில் எழுதுங்கள்

நான் கவிழ்ந்தது இங்கேதான். மூன்று வாரம் காலையில் கண்ணாடி முன் நின்று "நான் அழகு, நான் என்னை நேசிக்கிறேன்" என்று சொன்னேன். ஒவ்வொரு முறையும் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. முன்பைவிட மோசமானதுதான் மிச்சம். பிறகுதான் தெரிந்தது: வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஜோன் வுட் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்புக் குறைந்தவர்கள் இப்படித் தங்களைப் புகழும் வாக்கியத்தைச் சொன்னபோது அவர்களின் மனநிலை இன்னும் இறங்கியிருக்கிறது.

அதனால் புகழ்ச்சியை விடுங்கள், நம்ப முடிகிற வாக்கியமாக எழுதுங்கள். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். உள்ளே யாராவது சிரித்தால் ஒரு படி இறக்குங்கள். "என் வயிறு அழகு" தோற்றது. "என் வயிற்றை ஏற்றுக்கொண்டேன்" என்பதும் தோற்றது. "இந்தத் தோல் பல வருடம் விரிந்திருந்தது, முழுக்கச் சுருங்காமல் போகலாம், இதோடு இன்று மாடி ஏறினேன்" என்று எழுதியபோது யாரும் சிரிக்கவில்லை.

இன்னொரு தந்திரம்: 'நான்' என்பதை விட்டுவிட்டு உங்கள் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், நண்பரிடம் பேசுவது போல. உளவியலாளர் ஈதன் கிராஸ் குழுவின் 2014 ஆய்வு, இது பதற்றத்தைக் குறைப்பதைக் காட்டியது. முதல் இரண்டு நாள் பைத்தியக்காரத்தனமாக இருக்கும்.

படி 4: சாட்சி வைத்துக்கொள்ளுங்கள்

எடைமெஷினை நம்பாதீர்கள். உப்பும் தண்ணீரும் சேர்ந்தாலே ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும், குரலுக்கு அது போதும். தையல் டேப்பும் ஒரு பழைய பேன்ட்டும் மேல். ஒன்றே ஒன்று! நான் பதினோரு பேன்ட் வைத்திருந்தேன், "திரும்பவும் தேவைப்படும்" என்ற பயத்தில்.

பின்சேர்க்கை, பின்னூட்டங்களைப் பார்த்த பிறகு

முடி கொட்டுகிறது என்று பலர் எழுதியிருந்தீர்கள். வேகமாக எடை குறைந்தால் இரண்டு, மூன்று மாதம் கழித்து இப்படி ஆவதுண்டு. பெரும்பாலும் திரும்ப வளரும். மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

"என்ன இப்படி வத்திப் போயிட்டே, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில்? "நல்லா இருக்கேன்" என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். விளக்கம் சொல்லப் போனால் இரவு நோட்டில் இரண்டு பக்கம் கூடும்.

குரல் "சாப்பிடாதே" என்றோ "வாந்தி எடு" என்றோ சொன்னால் நோட்டு போதாது. தள்ளிப்போடாமல் மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள்.

கடைசியாக, ஒரு வாசகி தன் நோட்டில் இருந்ததெல்லாம் தன் அக்கா சின்ன வயதில் சொன்ன வார்த்தைகள் என்று கண்டுபிடித்திருக்கிறார். எனக்கு இது தோன்றவே இல்லை. படி 1-ல் இன்னொரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: 'யார் குரல்?' என் பீப்பாய், எட்டாம் வகுப்பில் பின்பெஞ்சில் இருந்தவனுடையது.