சித்திரைக்கார் அரிசியில் சோறு வடிக்கலாம்: உலை முதல் பழைய சோறு வரை

போன மாசிக்கு, வீட்டு நெல்லை அரைத்து வந்த கையோடு, சென்னையிலிருக்கும் தம்பி வீட்டுக்கு 5 கிலோ சித்திரைக்கார் என்ற சிவப்பரிசி கொடுத்துவிட்டேன். நாலே நாளில் தம்பி மனைவி போன் செய்தாள். "மதினி, நீங்க குடுத்த அரிசி வேகவே மாட்டேங்குது. குக்கர்ல மூணு விசில் விட்டேன், பருக்கை பருக்கையா நிக்குது. பிள்ளைங்க தொடமாட்டேங்குறாங்க."

அரிசியின் மேல் குற்றமில்லை, அவள் மேலும் இல்லை. பொன்னி அரிசிக்குப் பழகிய கை, பொன்னியின் கணக்கில் வைத்துவிட்டது. சிவப்பரிசி வாங்கியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். அன்று போனில் அவளுக்குச் சொன்னதை இன்னும் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். முதல்முறை செய்கிறவர்களும் இதைப் பார்த்துச் செய்யலாம்.

முதலில் அரிசியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ராமநாதபுரம் கடலோரம் மழையை நம்பிய சீமை. ஆற்றுப் பாசனம் என்று பெரிதாக இல்லை. கண்மாய் பெருகினால்தான் வயல். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பார்கள். அவ்வளவு பெரிய கண்மாய்கூட வானம் பார்த்துத்தான் நிறைய வேண்டும். அதனால் இங்கே பெரும்பாலும் நாற்று நடுவதில்லை. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே விதையைத் தூவிவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். ஐப்பசி மழையில் பயிர் எழும்பி, தையை ஒட்டி அறுப்பு வரும்.

இந்த வறட்சியைத் தாங்கும் நெல்லைத்தான் நம் முன்னோர் பொறுக்கி வைத்திருந்தார்கள். சித்திரைக்கார், நொறுங்கன், குழியடிச்சான் எல்லாம் அப்படி வந்தவை. குழியடிச்சான் உவர் நிலத்திலும் விளையும் என்பதால் கடலோரத்துக்கு ஏற்றது. பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009-இல் வந்த அண்ணா 4 ரகமும் வறட்சியைத் தாங்குவதுதான். அது வெள்ளை அரிசி, மூன்றரை மாதத்துக்குள் அறுப்புக்கு வந்துவிடும். நான் எந்த ரகத்துக்கும் எதிரியில்லை. எங்கள் வீட்டிலும் இரண்டும் உண்டு. ஆனால் வாரத்தில் நான்கு நாளாவது சிவப்பரிசிச் சோறு இருக்கவேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

காரணம் இதுதான். ஒரு சிவப்பரிசியை உடைத்துப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத்தான் இருக்கும். நிறமெல்லாம் மேலே இருக்கும் தவிட்டுத் தோலில். நார்ச்சத்தும் பி வகை வைட்டமின்களும் இரும்பும் அங்கேதான் அதிகம். மில்லில் வெள்ளை வெளேரென்று தீட்டும்போது போவது அந்தத் தோல். பி1 வைட்டமின் கணக்கை மட்டும் பார்ப்போம். 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் அது சுமார் 0.05 மில்லிகிராம், தீட்டாத அரிசியில் 0.27 அளவு. புழுங்கலரிசி தீட்டியதாக இருந்தாலும் 0.17 அளவு தேறும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தோலில் இருக்கும் சத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கிவிடுகிறது, அதனால்தான். நெல் அவிப்பதை வெறும் பழக்கம் என்று யாரும் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

தீட்டிய அரிசியை மட்டுமே தின்றால் என்ன ஆகும் என்பது ஜாவா தீவில் தெரியவந்தது. பி1 வைட்டமின் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய்ந்த டச்சு மருத்துவர் எய்க்மான், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் துவண்டுபோவதையும் தவிட்டோடு கொடுத்தால் தேறுவதையும் கண்டார். 1929-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். சிவப்பரிசியில் கலோரி குறைவு என்று சிலர் விற்கிறார்கள். அது சரியில்லை. எந்த நிற அரிசியானாலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி வரும். புரதம் 8, 9 கிராம். தோலோடு இருக்கும் அரிசி மெதுவாகச் செரிக்கும், சீக்கிரம் பசிக்காது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அது ஓரளவு உதவும். ஆனால் அளவு பார்த்துத்தான் உண்ணவேண்டும், மாத்திரையை நிறுத்தக் கூடாது.

வாங்கும்போது

‘சித்திரைக்கார் புழுங்கல், தவிடு நீக்காதது’ என்று கேட்டு வாங்குங்கள். ஒரு தடவை லேசாகத் தீட்டியதும் கிடைக்கும். முதல்முறை செய்கிறவர்களுக்கு அதுதான் எளிது, சீக்கிரம் வேகும். ஒரேயடியாக மூட்டை வாங்கவேண்டாம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் நாளானால் சிக்கு வாடை வரும். 2 மாதத்துக்குத் தேவையானது போதும். காய்ந்த வேப்பிலையைப் போட்டு, மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

களைந்து ஊறவைப்பது

ஒரு டம்ளர் அரிசி (175 கிராம் அளவு) இரண்டு பேருக்குத் தாராளமாக வரும். சுளகில் ஒருமுறை புடைத்துக் கல், உமி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு தண்ணீரில் களைந்தால் போதும். வெள்ளைத் தண்ணீர் போகும்வரை தேய்த்துத் தேய்த்துக் களைந்தால் மேலே ஒட்டியிருக்கும் சத்தும் சேர்ந்து போய்விடும். முதல் களைநீரை மாட்டுக்கோ முருங்கைக்கோ ஊற்றிவிடுங்கள்.

அப்புறம் ஊறல். தம்பி மனைவி விட்டது இந்த இடத்தைத்தான். தவிட்டுத் தோல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. 3 மணி நேரமாவது ஊறவேண்டும். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் இரவே ஊறப்போட்டுவிடலாம். வெயில் காலத்தில் இரவு முழுக்க வெளியே வைத்தால் நொதிக்கத் தொடங்கும், குளிர்பெட்டியில் வையுங்கள். நன்றாக ஊறிய அரிசியை நகத்தால் அழுத்தினால் இரண்டாக உடையும். உடையவில்லை என்றால் இன்னும் அரைமணி நேரம் விடுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் பல வீட்டுக் கிணறும் ஆழ்துளைக் கிணறும் உப்புத் தண்ணீர். களைவதற்கு அது ஆகும். ஊறவைக்கவும் உலை வைக்கவும் குடிதண்ணீரையே எடுங்கள். உப்புத் தண்ணீரில் சோற்றின் ருசியும் போகும், கஞ்சியை வாயில் வைக்க முடியாது. எங்கள் அப்பத்தா மணல் ஊற்றில் அகப்பையால் அள்ளி அள்ளிக் குடம் நிறைத்துக்கொண்டு வருவாள். உலைக்கென்று ஒரு குடம் தனியாக இருக்கும். அதில் வேறு யாரும் கைவைக்க முடியாது.

உலை வைத்து வடிப்பது

அகலமான பானையில் ஒரு டம்ளர் அரிசிக்கு 6 டம்ளர் தண்ணீர் வையுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் அரிசியைப் போடவேண்டும். போட்டதும் அடிவரை ஒருமுறை கிண்டிவிடுங்கள். மறுபடி கொதி வந்ததும் தீயை மட்டாக்கி, மூடியைக் கொஞ்சம் விலக்கி வையுங்கள். முழுக்க மூடினால் கஞ்சி பொங்கி அடுப்பெல்லாம் வழியும்.

ஊறிய சித்திரைக்கார் வேக 35 முதல் 45 நிமிடம் ஆகும். லேசாகத் தீட்டியதென்றால் 30 நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினால், மேல்தோல் லேசாக வெடித்து, நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் மசியவேண்டும். நடுவில் நறுக்கென்று ஒரு புள்ளி இருந்தாலும் இன்னும் 5 நிமிடம் விடுங்கள். தண்ணீர் வற்றியிருந்தால் கொதிக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வேக்காடு தடைபடும்.

பதம் வந்ததும் அரை டம்ளர் தண்ணீர் தெளித்து அடுப்பை அணையுங்கள். வடிதட்டை வைத்துத் துணியால் இறுக்கிப் பிடித்து, கீழே ஒரு ஏனத்தை வைத்துப் பானையைச் சாய்க்கவேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் நிறைந்த பானையைத் தூக்கிச் சாய்க்க முயலவேண்டாம், கை வெந்துபோகும். பெரிய துளை வடிகட்டியில் கொட்டி வடித்தாலும் சோறு சோறுதான். 10 நிமிடம் வடியவிட்டு, பானையை நிமிர்த்தி, மூடி வையுங்கள். உடனே கிண்டினால் உடையும்.

குக்கர்தான் வேண்டும் என்றால், ஊறிய அரிசி ஒரு டம்ளருக்கு 3 டம்ளர் தண்ணீர். 5 விசில் வந்ததும் தீயைக் குறைத்து 10 நிமிடம், பிறகு ஆவி தானாக அடங்கும்வரை திறக்காதீர்கள். சோறு கிடைக்கும், வடிகஞ்சி கிடைக்காது. எனக்கு அது பெரிய நட்டமாகத்தான் தெரிகிறது.

வடிகஞ்சி

வடித்ததைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். தண்ணீரில் கரையும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி அதில்தான் இருக்கிறது. சிவப்பரிசிக் கஞ்சி வெளிர்சிவப்பாக, வாசமாக இருக்கும். கல்லுப்பும் கொஞ்சம் மோரும் கலந்து வெதுவெதுப்பாகக் குடியுங்கள். கடலுக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு எங்கள் தெருவில் முதலில் நீட்டுவது அதைத்தான். புடைத்தபோது விழுந்த நொய் இருந்தால் சேர்த்து வையுங்கள், பூண்டும் வெந்தயமும் போட்டுத் தனியாகக் கஞ்சி காய்ச்சலாம். கீழக்கரைப் பக்கம் ரமலான் மாதத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற கைகளுக்கு நொய்யின் அருமை நன்றாகத் தெரியும்.

தட்டில் வைக்கும்போது

அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. மீனிலும் பருப்பிலும் அது நிறைய. நம் ஊரில் சோற்றுக்கு மீன் குழம்பு சேர்ந்தது சும்மா இல்லை. சித்திரைக்கார் சோறு குழம்பை நன்றாக இழுக்கும், அதனால் குழம்பு கொஞ்சம் கெட்டியாகவும் புளிப்பாகவும் இருந்தால் சரியாக இருக்கும். மத்தி, நெத்திலி, சூடை என்று விலை குறைந்த மீனே போதும். மீன் இல்லாத நாளில் பாசிப்பருப்பும் முருங்கைக்கீரையும்.

முதல் வாரம் பிள்ளைகளுக்குப் பாதி சிவப்பு, பாதி வெள்ளை என்று கொடுத்துப் பழக்கலாம். இரண்டையும் ஒரே பானையில் போடாதீர்கள், ஒன்று குழையும், ஒன்று விறைக்கும். தனித்தனியாக வடித்துக் கலக்குங்கள்.

மிஞ்சியதில் பழைய சோறு

இதற்காகவே நான் அரை டம்ளர் கூடுதலாகப் போடுவேன். சோறு சூடு ஆறியதும் மண்சட்டியில் போட்டு, மூழ்கும் அளவுக்கு மேல் இரண்டு விரல் உயரம் குடிதண்ணீர் ஊற்றி, மூடி வையுங்கள். ராத்திரி படுக்கும்வரை சோற்றைச் சும்மா திறந்து வைத்துவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றுவது தவறு. வெந்த சோற்றிலும் பிழைத்துக்கிடக்கும் ஒருவகைக் கிருமி உண்டு, வெதுவெதுப்பில் அது பெருகினால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஆறியவுடன் தண்ணீர், அதுதான் முறை.

8 மணி நேரத்தில் லேசான புளிப்பு வந்துவிடும். தயிரைப் புளிக்கவைக்கும் இனத்து நுண்ணுயிர்கள்தான் இங்கும் வேலை செய்கின்றன. நம் கடலோர வெக்கையில் 10 மணி நேரத்துக்கு மேல் விடவேண்டாம். கையில் நூல் நூலாக வந்தாலோ, புளிப்பை மீறிய கெட்ட வாடை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

நீச்சத்தண்ணியை முதலில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு, சோற்றைப் பிசைந்து சின்ன வெங்காயத்தோடு உண்ணுங்கள். வெஞ்சனத்துக்கு முண்டு மிளகாய்த் துவையல். உருண்டையாக, தோல் தடித்து இருக்கும் எங்கள் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நான்கு மிளகாயை நல்லெண்ணெயில் வறுத்து, புளி, பூண்டு, உப்பு வைத்து அம்மியில் தட்டினால் போதும். சுட்ட நெத்திலிக் கருவாடு இருந்தால் வேறொன்றும் கேட்கத் தோன்றாது.

நாள்தோறும் பழைய சோறு மிஞ்சினால், பங்குனி வெயிலில் சீரகமும் அரைத்த மிளகாயும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கிள்ளிக் கிள்ளி வத்தலாகக் காயவைத்துவிடுங்கள். 4 நாள் வெயில் கண்டால் கலகலவென்று ஆகிவிடும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மீன்பிடித் தடைக்காலம். மீன் விலை ஏறிக்கிடக்கும் அந்த நாட்களில் எங்கள் வீட்டுச் சித்திரைக்கார் சோற்றுக்கு அந்த வத்தலைத்தான் பொரித்து வைப்போம்.