இந்தியப் பெருங்கடல் தரைப்படம்: எங்கே தவறாகப் படிக்கிறோம்?

கடல் தரையின் படத்தைப் பார்ப்பவர்கள் உருவத்தை நம்பி ஏமாறுகிறார்கள். நீளமாக மேடிட்டிருந்தால் தட்டுகள் (பூமியின் மேற்புறம் பிரிந்து கிடக்கும் பெரிய பாறைத் துண்டுகள்) விலகும் இடம் என்கிறார்கள், வெளிர்நீலமாகத் தெரிந்தால் மூழ்கிய நிலம் என்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, அந்த இடத்துப் பாறைக்கு என்ன வயது என்பதைத்தான்.

நடுக்கடல் முகடுகளில் தட்டுகள் விலக, ஓட்டுக்கு அடியிலுள்ள தடித்த அடுக்கான கவசத்தின் பாறை மேலேறி உருகிப் புதுத்தரை ஆகிறது. கூடுதல் சூட்டால் உருகுகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. மேலேற ஏற அழுத்தம் குறைகிறது, அதனால் உருகுநிலை தாழ்கிறது, இருக்கிற சூட்டிலேயே பாறையின் ஒரு பங்கு உருகிவிடுகிறது. கவசம் முழுவதும் கொதிக்கும் குழம்பு என்பதும் பள்ளிக்கூடப் படங்கள் விதைத்த எண்ணம். அது திடப்பாறை, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் இழைகிறது, அவ்வளவுதான்.

புதுத்தரை சூட்டில் உப்பியிருக்கும். முகட்டை விட்டு விலக விலக ஆறிச் சுருங்கித் தாழும். அதனால் ஆழத்தைக் கணக்கிட முடியும். வயதைப் பத்து லட்சம் ஆண்டு அலகில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 350ஆல் பெருக்கி, முகட்டுச்சியின் ஆழமான 2,500 மீட்டரைக் கூட்ட வேண்டும். 1.6 கோடி ஆண்டுத் தரை சுமார் 3,900 மீட்டர் ஆழத்திலும் 6.4 கோடி ஆண்டுத் தரை சுமார் 5,300 மீட்டர் ஆழத்திலும் இருக்கும். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுக்கு மேல் இதை நீட்டினால், உண்மையைவிடக் கூடுதலான ஆழம் வரும். வங்கக் கடலில் இந்தக் கணக்கு செல்லவே செல்லாது. அங்கே கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய வண்டல் சில இடங்களில் 16 கி.மீ. தடிமன் வரை மூடிக் கிடக்கிறது.

தட்டுகள் விலகும் வேகத்தைக் கணக்கிடுவதில் ஒரு பொறி உண்டு. புவிக் காந்தப்புலம் கடைசியாகத் தலைகீழானது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அந்த மாற்றம் தரைப்பாறையில் பதிந்திருக்கும் எல்லைக்கோடு முகட்டிலிருந்து 11.7 கி.மீ. தள்ளி இருந்தால், வேகம் ஆண்டுக்கு 1.5 செ.மீ. ஆனால் இது ஒரு பக்கத்துக்கு மட்டும். தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும் வேகம் 3 செ.மீ. எந்த வேகம் என்று குறிக்காத அட்டவணையை நம்பிக் கணக்குப் போட்டால் விடை பாதியாகும், இல்லையேல் இரட்டிப்பாகும்.

எல்லா முகடும் விலகும் முகடல்ல. அரபிக்கடலுக்குத் தெற்கே வளையும் காரல்ஸ்பெர்க் முகட்டில் இன்றும் தரை பிறக்கிறது. ஏறக்குறைய அதே அளவு எடுப்பாகத் தெரியும் தொண்ணூறு கிழக்கு முகடு, கெர்குலன் வெப்பப்புள்ளியின் (அடியிலிருந்து குழம்பு தொடர்ந்து எழும் இடம்) மேல் தட்டு நகர்ந்தபோது விழுந்த எரிமலைத் தடம். தெற்கே சுமார் 4 கோடி, வடக்கே சுமார் 8 கோடி ஆண்டு என்று வயது ஒரே திசையில் கூடுவதே அதற்குச் சான்று. விலகும் முகடாக இருந்தால் வயது நடுவிலிருந்து இரு பக்கமும் கூட வேண்டும்.

சுமத்ரா, ஜாவா எரிமலைகள் எரிவது அவற்றின் அடியில் அமிழும் தட்டு உராய்ந்து உருகுவதால் அல்ல. அமிழ்ந்த தட்டு சுமார் 100 கி.மீ. ஆழத்தை எட்டும்போது அதன் கனிமங்கள் நீரைக் கக்குகின்றன. அந்த நீர் மேலுள்ள கவசத்தின் உருகுநிலையைக் குறைக்கிறது. அதே பகுதியைப் பற்றி இன்னொரு தவறு, பெரிய கடலடி நிலநடுக்கம் என்றாலே பெரிய சுனாமி என்பது. 2004 டிசம்பர் 26இல் (அளவு 9.1) தட்டு அமிழும் ஆழ்கடல் அகழியை ஒட்டித் தரை செங்குத்தாக எழும்பியது. 2012 ஏப்ரல் 11இல் (8.6) தட்டின் உட்புறத்தில் பாறை பக்கவாட்டில் நழுவியது. நீரைத் தூக்கிவிட ஏதுமில்லாததால் சுனாமி சிறிதாகவே வந்தது.

இனி நம்மவர்களுக்குப் பிடித்த தவறு: குமரிக்குத் தெற்கே லெமூரியா என்ற கண்டம் மூழ்கிக் கிடக்கிறது என்பது. 1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்க்லேட்டர் லெமூரியாவை முன்மொழிந்தது லெமூர் என்ற விலங்குகள் பரவியிருந்த விதத்தை விளக்க. கண்டங்களே நகர்ந்தன என்று தெரிந்தபின் அதற்குத் தேவை இல்லாமல் போனது. குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் கிடப்பது சுமார் 7 கி.மீ. தடிமனுள்ள பசால்ட் என்ற எரிமலைப் பாறை ஓடு. கண்ட ஓடு ஏறக்குறைய 35 கி.மீ. தடிமனும் குறைந்த அடர்த்தியும் உடையது, சுவடில்லாமல் மூழ்காது. கண்டத் துண்டு வேண்டுமானால் சேஷெல்ஸில் இருக்கிறது, சுமார் 75 கோடி ஆண்டு கிரானைட்டாக. பனியுகம் முடிந்தபோது கடல் விழுங்கிய நிலம் என்பது வேறு விஷயம். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது, பாக் நீரிணை அப்போது தரைதான். அதைத் தேடுபவர்கள் படத்தில் 120 மீட்டர் ஆழக்கோட்டை வரைந்து, அதற்கும் கரைக்கும் இடைப்பட்ட பகுதியைப் பார்த்தால் போதும்.